அரிசி டின்னில் ஒரு லென்ஸ்

கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவன், கண்ணால் பார்க்காத ஒரு பழைய லென்ஸை, முகம் தெரியாத ஒரு அமெரிக்கக்காரரிடமிருந்து இன்டர்நெட்டில் வாங்கினேன். தொண்ணூற்றேழு கடைசியில் மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். ஆபீஸில் சொன்னேன், சிரித்தார்கள்.

பகலில் பேங்க் உத்தியோகம், சாயங்காலம் கச்சேரிகளில் போட்டோ எடுப்பது என் பைத்தியம். சபாவில் ஃப்ளாஷ் அடித்தால் பாடகர் முறைப்பார், காரியதரிசி வெளியே போகச் சொல்வார். இருக்கிற மங்கல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். தி.நகர் கடைகளில் செகண்ட்ஹேண்டில் கிடைத்ததெல்லாம் பூசணம் பிடித்தவை. கண்ணாடிக்குள் சிலந்தி நூலாகப் படர்ந்திருக்கும். கடற்கரை ஊரில் லென்ஸுக்கு எமன் அதுதான். என் முதல் லென்ஸையே இரண்டு மழைக்காலத்தில் தின்றுவிட்டது.

மந்தைவெளியில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழைய கேமரா சாமான் விற்கிறவர்கள் எழுதும் நியூஸ்குரூப்பை மூன்று மாதம் படித்தேன். படம் கிடையாது, வெறும் எழுத்து. அந்த எழுத்தை நம்பக் கூடாது என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ‘சின்னக் கீறல், படத்தைப் பாதிக்காது’ என்றால் யாரோ ஆணியால் கோலம் போட்டிருக்கிறார்கள். ‘வயதுக்கேற்ற தூசி’ என்றால் சந்தேகமே வேண்டாம், பூசணம். கடைசியில் ஓஹையோவிலிருந்து ஒருவர் எழுதியது யோக்கியமாகத் தெரிந்தது. கேள்விகளை அனுப்பினேன். பூசணம் உண்டா? உள்ளே ஆவி படிந்திருக்கிறதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களில் எண்ணெய்? ஒட்டின கண்ணாடி பிரிந்திருக்கிறதா? டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

“பொண்ணு பாக்க வந்தப்போ என்னை இத்தனை கேக்கலையே?” என்றாள் என் மனைவி ஸ்ரீரஞ்சனி.

“கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா இந்தாத்துக்கு வந்திருக்கவே மாட்டேன்.”

எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா பிள்ளை அனிருத் அதை ஜனவரியில் கொண்டுவந்து கொடுத்தான். குற்றமே சொல்ல முடியாத லென்ஸ். கண்ணாடி மட்டும் லேசாக மஞ்சளாக, தண்ணி டீ மாதிரி இருந்தது. ஏதோ பூச்சு என்று விட்டுவிட்டேன். நான் எடுப்பது கறுப்பு வெள்ளை.

பூசண பயத்தில், போட்டோகிராபர் நண்பர் ஷரஃபுதீன் சொன்னபடி, அதைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். “ஒரு நாள் சாதத்தோட வரப்போறது. நெய் விட்டுப் பெசஞ்சு சாப்பிடுங்கோ” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அப்போது அவளுக்கு மூன்றாம் மாசம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மூன்று நல்லபடியாகத் தாண்டியது, ஐந்தும் தாண்டியது. மே மாதம் வளைகாப்பு. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த லென்ஸில் கலர் ஃபிலிம் போட்டு எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலை கண்டிருந்தது.

மஞ்சள் ஏன், எப்படிப் போக்குவது என்று நியூஸ்குரூப்பில் கேட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஜெர்மன்காரர் பதில் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அந்த வகைக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள். அது கதிர்வீச்சு உள்ள பொருள். அதனால்தான் வருஷம் போகப் போகக் கண்ணாடி மஞ்சளாகிறது. சில வாரம் வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும், கதிர்வீச்சு போகாது. ‘பயப்படாதே, தலையணைக்கடியில் மட்டும் வைத்துக்கொள்ளாதே’ என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக நாங்கள் தின்ற ஒவ்வொரு பிடி சாதமும் அந்த டின்னிலிருந்து வந்தது. அந்த வாரம்தான் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்திருந்தது. தெருவில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள், பத்திரிகை பூராவும் கதிர்வீச்சு பற்றிய கட்டுரைகள். ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். ஊனமான குழந்தைகள் படம் ஒன்று இருந்தது. மந்தைவெளியிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது.

ஸ்ரீரஞ்சனியிடம் சொல்லவில்லை. ஏழு மாசக்காரியிடம் என்னவென்று சொல்வது? அவள் பார்க்காத சமயம் லென்ஸை எடுத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை லீவு போட்டு, அவள் குளிக்கப் போனதும் டின்னோடு அரிசியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்குப் போனேன். வழியில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் காவேரி எதிரே வந்தாள்.

“இன்னா சார், அரிசியப் போய் கொட்ட எட்துகினு போறே?”

“புழு வச்சுடுத்து.”

அவள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். “எங்க கீது புழு? நல்ல பொன்னி சார். எனக்குக் குட்த்தா ஆவாதா? வூட்ல மூணு புள்ளைங்க கீது.”

“வேண்டாம்னா விடேன்!” என்று கத்திவிட்டேன். அவள் கையை உதறிக்கொண்டு விலகி நின்றாள். அத்தனை அரிசியையும் அவள் கண்ணெதிரே கொட்டினேன். என் வயிற்றிலும் நாலு மாசத்து அரிசி இருக்கிறதே என்று தோன்றியது. அது பரவாயில்லை. ஸ்ரீரஞ்சனி வயிற்றில் இருப்பதற்கு என்ன பதில்?

மத்தியானம் ஸ்ரீரஞ்சனி கேட்டாள். “அந்த லென்ஸ் எங்கே?”

“ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்.”

“எப்போ வரும்?”

“வரும்போது வரும்” என்று எரிந்து விழுந்தேன். சனிக்கிழமையும் கேட்டாள். இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டதென்று எனக்கு உள்ளூர உதறல்.

ஞாயிறு காலை அடையாறிலிருந்து கல்யாணராமனை வரவழைத்தேன். கூடப் படித்தவன், காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். லேபிலிருந்து கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டுவந்திருந்தான். ஸ்ரீரஞ்சனி கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். டின் மூலையில் ஒட்டியிருந்த அரிசியில் வைத்துப் பார்த்தான். எப்போதாவது ஒரு டிக். காற்றில் பிடித்தாலும் அதேதான்.

“அரிசிக்கு ஒண்ணும் ஒட்டாதுடா முட்டாள். விளக்குப் பக்கத்துல வச்ச அரிசி விளக்காயிடுமா? கண்ணாடிக்குள்ள இருக்கறது கண்ணாடிக்குள்ளதான் இருக்கும்.”

மாடியிலிருந்து நான் எடுத்துவந்த லென்ஸின் முன்பக்கத்தில் வைத்தான், கொஞ்சம் வேகமான டிக் டிக். திருப்பிப் பின்பக்கத்தில் வைத்ததும் கருவி எண்ணெயில் போட்ட கடுகாய்ப் பொரிந்தது. “இதுவும் ஒரு அடி தள்ளிப் பிடிச்சா ஒண்ணுமில்லை. என்ன, மேலோட அணைச்சு வச்சுண்டு யாராவது தூங்கப்போறாளா?” என்று சிரித்தான். மூன்று நாளுக்கப்புறம் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன். காவேரி முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலைகூட வந்தது.

ஸ்ரீரஞ்சனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

“அரிசியைக் கொட்டினேள்னு காவேரி அன்னிக்கே சொல்லிட்டா. என்னது அது?”

வேறு வழியில்லாமல் முழுக்கச் சொன்னேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கல்யாணராமனைப் பார்த்துக் கேட்டாள்.

“வயித்து மேல வச்சுண்டா?”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “யாரு மன்னி?”

“ரெண்டு மாசமா, தினம் மூணு வேளை. ஜில்லுன்னு ஏதாவது பட்டா குழந்தை உதைக்கும். உதைச்சா இருக்குன்னு தெரியும். ஜலச் சொம்பை வச்சா உடனே சூடாயிடறது. ஐஸ் வச்சா ஜலதோஷம் பிடிக்கும்னு அம்மா சொன்னா. இது அரிசிக்குள்ளேர்ந்து எடுத்தா கனமா, நன்னா ஜில்லுன்னு இருந்தது. உதைக்கற வரைக்கும் வச்சுண்டிருப்பேன்.”

“எந்தப் பக்கம்?” என்றான் கல்யாணராமன். அவள் கருவி பொரிந்த பக்கத்தைக் காட்டினாள்.

அவன் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டான். துணியோடா, எத்தனை நிமிஷம் என்று கேட்டான். துணியோடுதான், பத்து நிமிஷம், சில நாள் அரை மணி என்றாள். ஒரு முறை அடித்துவிட்டு மறுபடி போட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “துணியில பாதி நின்னுடும், தோல்ல மீதி. பயப்படற அளவு இல்லை மன்னி. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு, லென்ஸைத் தானே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

“எனக்கு ஏன் சொல்லலை?” என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

“சொன்னா நீங்க பயப்படுவேள்” என்றாள். பிறகு, “கார்த்தாலேர்ந்து அசையலை. கோயில்ல நின்னு வேண்டிண்டு வந்தேன்” என்றாள்.

அவள் பாயில் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கையை வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிச் சேர்ந்து எதற்கும் காத்திருந்ததில்லை. கரண்ட் போயிற்று. என் கை வேர்த்தது, எடுக்கத் தைரியம் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதில், உதைத்தாலும் தெரியாமல் போய்விடுமோ என்று வேறு பயம்.

ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளங்கைக்கு நேராக ஒரு முட்டு, உடனே இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணை மூடி மூச்சை விட்டாள்.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு அது அசையவில்லை. பழைய பயம் காலிலிருந்து மேலே ஏறி வந்தது.

“அடுத்தது எப்போ உதைக்கும்?” என்று கேட்டேன்.

“அதுதான் தெரியாது” என்றாள் ஸ்ரீரஞ்சனி.