சொந்தக்காரரின் வாக்குமூலம்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்து, மாத்தளை டவுனில் ஒரு தையல் கடையின் பின்னறையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த நாகமுத்துவுக்குக் கோபம் சுலபத்தில் வராது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசி மாதம் வந்தது. வந்தது போகவேயில்லை.

எல்லாம் ஞானசுந்தரத்தின் அம்ப்ளிஃபயரால் வந்த வினை. ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்று, மாத்தளையிலேயே வீடு கட்டிக்கொண்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனபோது அந்த ஸ்டீரியோவை வாங்கி வந்திருந்தார். இடது, வலது என்று பக்கத்துக்கு நூற்றைம்பது வாட். தனியாளாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பத்து வருடமாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததை நாகமுத்துவிடம் திருத்தக் கொடுத்தார்.

மூடியைக் கழற்றியதுமே நாகமுத்துவுக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. உரித்த தேங்காய் அளவுக்கு டிரான்ஸ்ஃபோர்மர். இடதுபக்கத்து டிரான்சிஸ்டர்கள் நான்கும் கருகியிருந்தன. ஒரே அளவாக வேலை செய்யும் ஜோடிகளை மீட்டர் வைத்துத் தேர்ந்தெடுத்துப் போட்டான். ஏதாவது பழுதானால் ஸ்பீக்கர் எரிந்துபோகாமல் தானாகவே துண்டித்துவிடும் ரிலே ஒன்றைப் புதிதாகச் சேர்த்தான். மூன்று மாத வேலை. மிச்சமிருந்தவை மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள்தான். அவற்றை வாங்கக் கொழும்புக்குப் போனான்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். நாகமுத்துவின் பையில் ஜேம் போத்தல் அளவில் இரண்டு கெப்பாசிட்டர்கள், ஒரு சுருள் செம்புக் கம்பி, தமிழில் குறிப்பெழுதிய சர்க்கிட் படம். பாட்டுக் கேட்கிற மெஷினுக்கு என்று அவன் நல்ல சிங்களத்தில்தான் சொன்னான். ஆனாலும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸில் சார்ஜன் அவன் முன்னாலேயே ஞானசுந்தரத்துக்கு டெலிபோன் எடுத்தார். ரிசீவரை வைத்துவிட்டு, "அப்படி ஒரு மெஷின் அவரிடம் இல்லையாம். உன்னையும் தெரியாதாம்" என்றார்.

அதற்கப்புறம் விழுந்த அடிகூட நாகமுத்துவுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

அவன் அறையிலிருந்து அம்ப்ளிஃபயரையும் தூக்கி வந்து, வயர்களைப் பிய்த்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் காலை ஞானசுந்தரத்தின் மனைவி ஞானாம்பிகை தனியாக வந்தார். மெஷின் வாங்கியபோது கொடுத்த கடுதாசியை மேசைமேல் விரித்தார். அதிலிருந்த நம்பரும் மெஷினின் முதுகில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. மெஷினையும் பையையும் கொடுத்து அவனை விட்டார்கள். ஆனால் அவன் பேர் பொலிஸ் பதிவுக் கொப்பியில் ஏறிவிட்டது. சொந்தக்காரர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கும்வரை ஞாயிறுதோறும் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.

மெஷினை அப்படியே திருப்பி அனுப்பிவிடத்தான் முதலில் நினைத்தான். முடியவில்லை. அது என்ன பாவம் செய்தது? பிய்ந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, புதுக் கெப்பாசிட்டர்களையும் பொருத்தினான். டிரான்சிஸ்டர்களின் சூடு ஒரே சீராக இருக்கும்வரை திருகித் திருகிச் சரிபார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டே செய்த வேலை. ஆனாலும் அதற்கு முன் அவன் அப்படிச் சுத்தமாக எதையும் செய்ததில்லை.

மூன்று ஞாயிறு கழித்து ஞானசுந்தரம் வந்தார்.

"முடிஞ்சுதெண்டு கேள்விப்பட்டன். கொண்டுபோகலாமோ, தம்பி?"

"என்னயத் தெரியுமா உங்களுக்கு?" என்றான் நாகமுத்து.

அவர் முகம் சுருங்கியது. "மகன் கனடாவுக்குப் போறதுக்குப் பேப்பர் போட்டிருந்த நேரம். பொலிஸ் எண்டதும் பயந்திட்டன். உமக்கு விளங்கும்தானே."

"நல்லா வெளங்குதுங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. நாலு நாளு அதுக எங்கெங்க தேடுச்சுகன்னு கேட்டீங்களா? தோட்டத்தான்தானே, கெடந்துட்டுப் போறான்னு நெனச்சிட்டீங்க."

"அப்பிடியில்லை..."

"அப்படித்தான். ஸ்டேசனுக்கு வாங்க. ஒங்க வாயாலயே சொல்லுங்க. இல்லாட்டி இது இங்கதான் கெடக்கும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நாகமுத்து நினைத்தான். அடுத்த ஞாயிறு பொலிஸ் வாசலில் மனைவியோடு நின்றிருந்தார். உள்ளே போய், "வயசுபோன ஆள், டெலிபோனில் சரியாகக் கேட்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் சிரித்துவிட்டுப் பேரை வெட்டினார். முதல் பொய்யை மூட இன்னொரு பொய். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் நாகமுத்துவுக்கு இன்னும் எரிந்தது.

சொன்ன சொல்லுக்காக அன்றைக்கே திரீவீலரில் மெஷினைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு ஹோலில் ஸ்பீக்கர்களோடு இணைத்துப் பூட்டினான். ஞானாம்பிகை ஒரு நாதஸ்வர இசைத்தட்டை வைத்தார். கொஞ்சம்கூட இரைச்சல் இல்லை. தவில்காரனின் விரல் தோலில் விழுவது தனியாகக் கேட்டது. ஞானாம்பிகை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எழுபத்தாறிலயும் இப்பிடிக் கேக்கேல்லை" என்றார் ஞானசுந்தரம். "தேத்தண்ணி குடியும், தம்பி."

"வேணாங்க." ஸ்குரூ ட்ரைவரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "இந்த அம்மாவுக்காகத்தான் உள்ள வந்தேன். இனிமே இது பழுதானா வேற ஆளப் பாத்துக்குங்க. என்னயத் தெரியாதுன்னே வச்சிக்குங்க."

கேட்டைத் தாண்டி றோட்டுக்கு வந்த பிறகும் நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. அவன் கைவேலை. நின்று கேட்கலாம் போலிருந்தது. நிற்கவில்லை. பஸ் நிற்கும் ஹோல்ட் வரைக்கும் வேகமாக நடந்தான்.