கண்டக்டரம்மாவின் முதுகு

நாட்டில் எந்த மூலையில் யாருக்கு ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போனாலும், தலைநகரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருத்தியின் முதுகில் சிவப்பாக ஒரு தடிப்பு எழும்பும். அவள் முதன்முதலாக ரத்ததானம் செய்த மறுநாள் இது ஆரம்பித்தது. கழுத்துக்குக் கீழே வடக்கு, இடுப்புப் பக்கம் தெற்கு, வலது விலாவோரம் துறைமுக ஊர்கள். சிறுநீரகமோ கண்ணோ மாற்றி வைத்தவருக்குக் கோளாறு என்றால் தடிப்பு நீலமாக இருக்கும். ரத்த வங்கியில் வேலை பார்த்த அவள் கணவன், வேர்க்குரு என்று பவுடர் போட்டுப் பார்த்துத் தோற்றபிறகுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டான். அந்தந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். முதலில் திட்டினார்கள், அப்புறம் நன்றி சொன்னார்கள். டியூட்டியில் இருக்கும்போது அரித்தால் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, "இடது தோளுக்கு நாலு விரல் கீழங்க" என்று அவனுக்குப் போனில் தகவல் சொல்லுவாள். பயணிகள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள்.

ஒரு நாட்டின் அரிப்பை ஒருத்தி தாங்குவதென்றால் சின்ன விஷயமா? அவள் இளைத்துக்கொண்டே போனாள். கணவன் நிதித்துறைக்கு நடையாய் நடந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள், ஒரு போன், வரும் தகவலையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஓர் அலுவலகம், இவ்வளவுதான் கேட்டான். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"அதான் உங்க வீட்டம்மா இருக்காங்களே தம்பி. சும்மா நடக்குற வேலைக்கு எதுக்குச் செலவு?" என்றார். வெறுங்கையோடும் அனுப்பவில்லை. வருஷத்துக்கு மூன்று டியூப் களிம்பு வழங்க உத்தரவு போட்டார்.

கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் மகள் பிறந்தாள். பிரசவத்தில் தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல், ரத்தம் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கணவன் அவளைப் புரட்டிப் பார்த்தான். முதுகு முழுக்கச் செக்கச்செவேலென்று கிடந்தது, ஓர் ஊர் பாக்கியில்லை. நாடே போய்விட்டதென்று பதறி வராந்தாவுக்கு ஓடி, ஊர் ஊராகப் போன் போட்டு, ரத்தத்தை நிறுத்துங்கள் என்று கத்தினான். மலையூர் நர்ஸ் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரலை மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா. அண்ணி எங்க?"

"உள்ள. ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு."

"ஐயோ அண்ணா, அது ஊரு இல்ல, அண்ணிதான்! ஓடிப்போய் நிறுத்தச் சொல்லுங்க!"

நிறுத்தினார்கள். மறுபிழைப்புப் பிழைத்தாள். ஊரார் வலியையே படித்துப் படித்து, அது தன் மனைவியின் முதுகு என்பதையே மறந்துபோனோமே என்று அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தூக்கம் வருதுங்க, அப்புறமா அழுங்க" என்றாள் அவள்.

ஒரு மாதம் முதுகு சிவந்தே கிடந்ததில் எதையும் படிக்க முடியவில்லை. அண்ணி எப்படி இருக்காங்க என்று விசாரிக்க ஆஸ்பத்திரிகளே கூப்பிட்டன. கூப்பிட்ட வாயோடு, தங்களிடம் யாருக்குக் குளிர்ஜுரம் வந்தது, யாருடைய புதுச் சிறுநீரகம் மக்கர் பண்ணுகிறது என்றும் சொன்னார்கள். இந்தக் கோடியில் கேட்டதை அவன் அந்தக் கோடிக்குச் சொல்லி எச்சரித்தான். ரத்த வங்கியின் போன் பில் நிதித்துறைக்குப் போனது. களிம்புக் கணக்கில் அதைச் சேர்க்க வழியில்லாமல் அதிகாரி திருதிருவென்று விழித்தார். கடைசியில் தேசியக் கண்காணிப்பு வலையமைப்பு என்று புதுத் தலைப்பு ஒன்று போட்டார். தலைப்பு வந்துவிட்டால் வருஷாவருஷம் பணமும் வந்துதானே ஆகவேண்டும்.

சிவப்பு வடிந்தபிறகு புதிதாக ஒரு தடிப்பும் எழும்பவில்லை. முதுகுக்கும் உத்தரவு நகல் போயிருக்கும் என்றார்கள் தெரிந்தவர்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலையில், பழக்கதோஷத்தில் கணவன் அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தான்.

"இன்னிக்கு யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. வெறும் முதுகுதான்."

அவள் டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அப்ப கைய எடுக்காதீங்க" என்றாள்.