மெசினின் கண்ணில் பொட்டு

பளைத் தேங்காய் ஆலைக்குப் புதிதாக வந்த வெட்டுமெசினுக்கு ஒரு கமராக் கண் உண்டு. ஆரின் கையாவது கிட்டப் போனால் அது கண்டு வாளை நிறுத்திவிடும். மெசினை ஓட்டப் பழகி வந்தவள் தயாளினி ஒருத்திதான். என்றாலும் அந்தக் கண்ணை அவள் இலேசில் நம்பமாட்டாள். தினமும் காலையில் ஒரு வாழைத்தண்டை உள்ளே நீட்டிப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்குவாள்.

ஆயுதபூசைக்கு மறுநாள் வாள் நிற்கவில்லை. தண்டு இரண்டாகத் தெறித்தது. மெசினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். கண்ணை மூடிச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. துடைத்துவிட்டுப் பதிவுக் கொப்பியை எடுத்தாள்.

முதலாளி தங்கராசா பதறிப்போனார். “பிள்ளை, இண்டைக்குக் காப்புறுதிக்காரர் கொப்பி பாக்க வாறார். இதை எழுதாதை. துடைச்சாச்சுத்தானே!”

“கை போயிருந்தால் துடைக்கேலுமோ ஐயா?” என்றவள், எழுதி முடித்துத்தான் பேனையை மூடினாள்.

மத்தியானம் வந்த காப்புறுதி அதிகாரி றிஃபாத், கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்து அன்றைய பக்கத்தில் விரலை நிறுத்தினார். தங்கராசா நிலத்தைப் பார்த்தார்.

“மற்ற ஆலையளிலை எல்லா நாளும் ‘சரி’ எண்டுதான் எழுதியிருக்கும். அதைக் கண்டால்தான் எனக்குப் பயம்,” என்றார் அதிகாரி. “இந்தக் கொப்பியை நம்பிக் காப்புறுதி குடுக்கலாம். அதுசரி, பொட்டு வைச்சது ஆர்?”

தயாளினி தலை நிமிர்ந்தாள்.

“கடைசி வரியிலை எழுதியிருக்கிறன், வாசியுங்கோ. நான்தான்.”