பொருக்கையாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

எங்கள் ஊர்ச் செம்மணல் மேடான தேரியின் மணலைப் பறக்காமல் பிடித்து வைத்திருக்கும் நுண்பாசிகள் எத்தனை பேர் என்று எண்ண முடியாததால், அவர்களை ஒரே ஆளாகப் பதிந்து ஒரு ரேஷன் கார்டு கொடுத்திருக்கிறோம். கார்டில் பெயர் பொருக்கையா. ஒரு கைப்பிடி மண்ணிலேயே ஒரு ஜில்லா ஜனத்தொகை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உடம்பு என்பதால் போட்டோ ஒட்டும் இடத்தில் ஒரு சிட்டிகை செம்மண்ணை ஒட்டியிருக்கிறோம்.

அவர் வேலை எளிது. மழை பெய்தால் எழுந்து, பச்சை கட்டி, வெயிலில் சமைத்துச் சாப்பிட்டு, நூல் விட்டு மணலோடு மணலைக் கட்டிப்போடுவார். ஈரம் காய்ந்ததும் கறுத்து, அந்தக் கட்டின் மேலேயே மெல்லிய பொருக்காகப் படுத்துத் தூங்கிவிடுவார். வருஷத்தில் நாலைந்து நாள் வேலை, மீதி நாள் தூக்கம். ஊராட்சி எழுத்தனான எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனால் அவர் தூங்கும்போதும் பிடியை விடுவதில்லை. நான் தூங்கினால் பேனா கீழே விழுந்துவிடும்.

அவரை மிதிக்கக் கூடாது என்பதால் தேரியைக் கடக்க ஊருக்கே ஒரே காலடி வரிசைதான். எல்லோரும் அதிலேயே கால் வைத்துப் போவோம். முதலில் நடந்தவர் நெட்டையர் போலிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் தாவித்தாவித்தான் போக வேண்டும்.

இந்த வைகாசியில் தேரி ஏழடி நகர்ந்து தங்கபுஷ்பம் மைனியின் கொல்லைச் சுவரைத் தொட்டது. மைனி, காலமான என் அண்ணனின் மனைவி. எனக்குச் சோறு போட்டு ஆளாக்கிய கை அவருடையது. அவரைவிட எனக்கு வேண்டியவர் இந்த உலகத்தில் யாரும் கிடையாது. தேரியடியில் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். ஆடிக் காற்றில் வீடு மூடிப்போகும், காலி செய்யுங்கள் என்று தலைவர் வந்து சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மைனி மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர் சொன்னது பொருக்கையாவை.

பொருக்கையாவிடம் விளக்கம் கேட்டு வர என்னை அனுப்பினார்கள். மைனியின் கொல்லைக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடம் தண்ணீரை நிதானமாக ஊற்றினேன். கால் மணி நேரத்தில் எழுந்தார். பச்சை வரவில்லை, பழுத்த வேப்பிலை நிறம்தான் வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. தை மாதத்திலிருந்து மைனி விடியலில் வாசல் தெளித்துவிட்டு, கொல்லைப்பக்கம் வந்து அவர்மேலும் ஒரு செம்புத் தண்ணீர் தெளித்து, சாப்ட்டியளா என்று கேட்டிருக்கிறார். ஒரு செம்புத் தண்ணீர் எழுப்புவதற்குத்தான் காணும், சமைக்கக் காணாது. எழுந்து, சோம்பல் முறித்து, அறுந்த நூலை முடிந்து, உலை வைப்பதற்குள் வெயில் ஏறி ஈரம் காய்ந்துவிடும். வெறும் வயிற்றோடு திரும்பப் படுக்க வேண்டியதுதான். சேர்த்து வைத்ததெல்லாம் எழுந்திருக்கவே செலவாகிவிட்டது. கொல்லையோரம் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தண்ணி குடுக்க வந்த கையப் பாத்து எப்படிய்யா வேண்டாம்னு சொல்லுதது?" என்றார் பொருக்கையா.

அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கம் தண்ணீரை மறுத்தால் அது பகை. இந்தக் காரணத்தால் ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது.

மைனியிடம் சொன்னேன். கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன நாளு பசியோட படுக்க வச்சிருக்கேனே, எய்யா," என்று அழுதார். நானும் அழுதேன்.

தலைவர் ஊரைக் கூட்டினார். பொருக்கையாவுக்கு வயிறார ஒரு சாப்பாடு போடுவது என்று முடிவானது. மூன்று நாள் யார் வீட்டுக்கும் குழாய் திறக்காமல், தொட்டித் தண்ணீர் முழுவதையும் தேரிமேல் தூறலாக விட்டோம். குறைசொன்னவர் தலைவர் மட்டும்தான், அவருக்குச் சவரம் செய்ய முடியவில்லை. மூன்றாம் நாள் தேரி பச்சையானது. பொருக்கையா நிறைய வெயில் சாப்பிட்டார், புது நூல் விட்டார், ஈரம் காய்ந்ததும் படுத்துக்கொண்டார். அதன்பின் அந்தப் பக்கம் போனவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். மைனி வாசலில் தண்ணீர் தெளிக்காமலே கோலம் போட்டார்.

கொல்லையோரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சை பிடிக்கவில்லை. பிடிக்க அங்கே ஆள் இல்லை. ஆடி பிறந்து காற்று எழுந்ததும், சாக்கில் ஓட்டை விழுந்த மாதிரி அந்த இடத்திலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் ஜன்னல் வரை வந்துவிட்டது.

மைனி செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அந்த இடத்தில் படுத்தார். எழுந்து வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அவுக இருந்த இடத்த நான்தானய்யா காலி பண்ணுனேன். நான் பிடிச்சிக்கிடுதேன்."

மணல் நின்றுவிட்டது.

இரண்டு நாள் சோறு கொண்டுபோய் ஊட்டினேன். மூன்றாம் நாள் போனபோது மைனி நன்றாகத் தூங்கிப்போயிருந்தார், கையெல்லாம் லேசாகக் கறுத்திருந்தது. அரைகுறையாக எழுப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். சத்தம் போடாமல் தூக்குவாளியோடு திரும்பிவிட்டேன். அந்த ஆடியும் ஆவணியும் எனக்குச் சோறே இறங்கவில்லை. காற்று என் வீட்டுக் கூரை ஓடுகளைக்கூடத் தூக்கியது. மைனி வீட்டுக்குள் ஒரு பிடி மணல் நுழையவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. வருகைப்பதிவு எடுக்க நோட்டோடு போனேன். தேரி முழுக்கப் பச்சை, கொல்லையோரமும் பச்சை. மைனி எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தார். நரைமுடி பச்சையாகியிருந்தது. விரல் இடுக்கெல்லாம் நூல். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

கார்டில் ஆள் எண்ணிக்கையைத் திருத்திவிடலாம் என்று எண்ணத் தொடங்கினேன். மைனி எங்கே முடிகிறார், அவர்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரே ஆள் என்றே விட்டுவிட்டேன்.

"இப்படி மெலிஞ்சிட்டியே எய்யா. சாப்ட்டியா?" என்று மைனி கேட்டார்.

இல்லை என்றேன். மேகம் விலகியதும் ஒரு தட்டில் எனக்கும் வெயில் போட்டு வைத்தார். சூடாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.