ஒண்ணுக்கு வருதும்மா

நடுவில் குழி வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருக்க, எதிரே குத்துக்காலிட்டு அவள் காத்திருந்தாள். விடுமுறை நாள், ஊறப்போட்ட துணி அப்படியே கிடந்தது. வீட்டில் பட்டாணி என்று கூப்பிடும் அந்த இரண்டரை வயதுக்காரிக்கு நாற்காலி பிடித்துப் போயிற்று. பொம்மையை மடியில் போட்டுத் தூங்க வைத்தாள், பாட்டுப் பாடினாள், வந்த காரியத்தை மட்டும் மறந்தாள். கடைசியில் எழுந்து கதவோரம் போய் நின்று தரையை நனைத்தாள்.

"போச்சா?" என்றான் கணவன்.

"போச்சு. அந்தத் துணிய எடுங்க."

அவள் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறாள். கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. ஆனால் அங்கிருந்த ஆயா முதலிலேயே சொல்லிவிட்டாள்: "டயப்பர் கட்டின பிள்ளைய சேர்க்க மாட்டாங்கம்மா. தானா சொல்லணும். இத்தனை பிள்ளைக்கும் நான் ஒருத்திதான்."

சேர்க்காவிட்டால் வேலை இல்லை. "அதுக்குள்ள பழக்கிக் காட்டறேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தவள், அன்றைக்கே டயப்பர் பொட்டலத்தை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டாள். பை நிறைய ஜட்டிகளைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள்.

"பகலை நான் பாத்துக்கறேன். ராத்திரி உன் பாடு" என்றாள் அக்கா.

ராத்திரியைக் கணவன் பங்கு போட்டுக்கொண்டான். பேக்கரியில் மாவு பிசைகிறவன், இருட்டோடு எழுகிறவன். எழுந்ததும் தூக்கம் கலையாத மகளைத் தோளில் சாய்த்துப் போய் உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்பான். சில நாள் மகள் முந்திக்கொள்வாள். அவன் சட்டை நனைந்துவிடும்.

"முதலாளி மோப்பம் பிடிச்சா, புது மாதிரி பன்னுன்னு சொல்லிக்கறேன்" என்பான்.

ரப்பர் ஷீட்டுக்கு மேல் விரித்த துணியெல்லாம் நனைந்து, மழையில் எதுவுமே காயாத ஒரு நாள், அவள் கை ஓங்கிவிட்டாள். பட்டாணி உதட்டைப் பிதுக்கியதும் ஓங்கிய கை தானாகத் தலையைத் தடவியது.

"வந்தா சொல்லு தங்கம். எங்க இருந்தாலும் சொல்லு. யாரா இருந்தாலும் சொல்லு."

அவள் வேலை பார்த்த தையல் லைனுக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. அது இல்லாமல் எழுந்து போக முடியாது; சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். கேட்டால், "உன்கிட்ட பீஸ் தேங்கி நிக்குது பாரு. மணி அடிக்கட்டும்" என்பான். சாப்பாட்டு நேரம் வரை தண்ணீர் குடிக்காமலிருக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அக்கா வாசலிலேயே வழிமறித்தாள். "விளையாட்ட விட்டுட்டு ஓடி வந்து சொன்னாடி உன் மக! நாலு தடவையும் நாற்காலிலதான்." அவள் மகளைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் கைப்பை கழன்று விழுந்தது. அந்த வாரமே ராத்திரித் துணியும் நனையாமல் இருக்க ஆரம்பித்தது.

காப்பகத்தில் சேர்த்த முதல் நாள், வேலை முடிந்த கையோடு ஓடினாள். ஆயா இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் துடைப்பமுமாக, வாந்தி எடுத்த இன்னொன்றின் அருகே நின்றாள். பட்டாணி சுவரோரம் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஜட்டி காய்ந்துதான் இருந்தது.

"ஒண்ணுக்கு வருதும்மா. சொன்னேன். ஆயா அப்புறம்னாங்க."

"என்னம்மா செய்யறது, ரெண்டு கைதானே" என்ற ஆயா, பட்டாணியைப் பார்த்துச் சிரித்தாள். "ஆனா நல்ல பிள்ளைம்மா. இருன்னா இருக்குது."

அவள் மகளை வாரிக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடி உட்கார வைத்தாள். பட்டாணி கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் அம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வரவே இல்லை. வந்தபின் நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது.