கோ சொல்லாத நாற்பத்து மூன்று நாள்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஜெயபாயும் பிச்சையம்மாளும் காய் விட்டுக்கொண்ட சங்கதி, டீச்சர்மாரைத் தவிர ராஜபாளையத்தில் அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர்மாருக்கு எப்போதும் எல்லாம் கடைசியில்தான் தெரியும்.

காய் என்றால் பேச்சு இல்லை. சுண்டுவிரலை நீட்டிக் காட்டிவிட்டால் தீர்ந்தது. மறுபடி இரண்டு விரலை நீட்டிப் பழம் விடும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவசரமாக ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாவது ஆள் மூலம் சொல்லலாம். முதலில் வாய் திறப்பவள் தோற்றவள். இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையின் சுற்றறிக்கையைவிட இதற்குத்தான் மரியாதை.

சண்டை வந்தது ஒரு ஸ்லாம் புக்கால். ஆவுடையம்மாளின் அக்கா மதுரையிலிருந்து அதை வாங்கி வந்திருந்தாள். வழவழவென்று ரோஸ் நிறத் தாள், பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள். பிடித்த நிறம் எது, பிடித்த பலகாரம் எது, உயிர்த்தோழி யார். வருஷக் கடைசியில் நீட்ட வேண்டிய புத்தகத்தை, பொறுமை இல்லாமல் ஆகஸ்ட் மாதத்திலேயே வகுப்பு முழுக்க நீட்டிவிட்டாள் ஆவுடையம்மாள். பிச்சையம்மாள் உயிர்த்தோழி என்ற இடத்தில் 'ஆவுடையம்மாள்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயபாய் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த கையோடு டிபன் பாக்ஸை மூடினாள்.

"என்னட்டி இது?"

"அவ புஸ்தகத்துல அவ பேர எழுதாம வேற யார் பேர எழுதச் சொல்லுத? மரியாதைன்னு ஒண்ணு கெடையாதா? ஒன் புஸ்தகத்துல எழுதச் சொன்னா ஒன் பேர எழுதுவேன்."

"அப்போ ஆளுக்கு ஒரு புஸ்தகம் வாங்கி நீட்டுனா, ஊரெல்லாம் ஒனக்கு உயிர்த்தோழிதானா?"

"ஆமா, போ."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஜெயபாய் தாங்கியிருப்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே தூக்குவாளியில் மோர். அப்படிப்பட்டவள் 'போ' என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. சுண்டுவிரலை நீட்டினாள். பிச்சையம்மாளும் கொஞ்சம்கூட யோசிக்காமல் தன் சுண்டுவிரலை நீட்டினாள். அன்றைக்கு ஆகஸ்ட் இரண்டாம் தேதி, தொண்ணூற்றொன்றாம் வருஷம், வெள்ளிக்கிழமை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு பேரும் பள்ளியின் கோகோ அணியில் இருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

கோகோவில் துரத்துகிற அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள்தான் துரத்துவாள். ஓடுகிறவர்கள் வரிசைக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடலாம். துரத்துகிறவள் அப்படிக் குறுக்கே போகக் கூடாது. ஆள் மறுபக்கம் தப்பிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு, காது கேட்க 'கோ' என்று சொல்ல வேண்டும். அவள் எழுந்து துரத்துவாள், இவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஜெயபாய்தான் அணியின் கேப்டன், துரத்துவதிலும் அவள்தான் கெட்டிக்காரி. பிச்சையம்மாளுக்கு ஐந்தாம் கட்டம். முதுகில் கை பட்டதும் எழுந்து பாய்வதில் அவளுக்கு ஈடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

காய் விட்ட மறுநாள் பயிற்சியில் கேள்வி எழுந்தது. 'கோ' என்று சொன்னால் அது பேச்சில் சேர்த்தியா?

இரண்டாம் கட்டத்தில் உட்காரும் சுடலைமாடத்தி, சேர்த்தி இல்லை என்றாள். "அது பஸ் ஹாரன் மாதிரிதானட்டி. ஹாரன் அடிச்சா டிரைவர் நம்மகிட்ட பேசிட்டாருன்னு அர்த்தமா?"

அதே அணியில் இருந்த ஆவுடையம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில கெளம்பி காதுல விழுந்தா பேச்சுதான். அதுக்கு அவ எந்திரிக்கா வேற. பேச்சு இல்லாமலா எந்திரிக்கா?"

ஆவுடையம்மாள் பக்கம்தான் கை நிறைய உயர்ந்தது. அன்றிலிருந்து ஜெயபாய் ஐந்தாம் கட்டத்தைத் தாண்டிப் போய் ஏழாம் கட்டத்தில் கோ கொடுத்தாள். பிச்சையம்மாளும் துரத்துகிற முறை வந்தால் ஜெயபாயை மட்டும் தாண்டிப் போனாள்.

விளையாட்டு டீச்சர் ரோசம்மாள் நெஞ்சுக்கு நேராக விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இதை மூன்று நாள் உற்றுப் பார்த்தார். நாலாம் நாள் முகம் மலர்ந்துபோனது. "அஞ்சுல குடுக்கப் போற மாதிரி போக்குக் காட்டிட்டு ஏழுல குடுக்கா பாரு. இந்த மூளை எம்புட்டுப் பேருக்கு இருக்கு?" என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னார். தன் நோட்டில் அதற்குத் 'தாண்டிக் கோ' என்று பெயர் வைத்துப் படம் போட்டு எழுதிக்கொண்டார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செப்டம்பர் பிறந்ததும் சுடலைமாடத்தி ஒரு செய்தி கொண்டுவந்தாள். பிச்சையம்மாளின் அப்பாவுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷமும் தினம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவர் இனிக் குடும்பத்தோடு அங்கேயே போகிறார். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும், இருபத்தைந்தாம் தேதி, டி.சி. வாங்கிவிடுவார்கள்.

"எங்கிட்ட சொல்லச் சொன்னாளாட்டி?" என்று கேட்டாள் ஜெயபாய்.

"சொல்லச் சொல்லல. சொல்லாதன்னும் சொல்லல."

ஜெயபாய்க்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. காய் விட்டபடியே ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விட்டால், பிறகு பழம் விடுவது எப்படி? தபாலில் பழம் விட முடியாது. போய்ப் பேசிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். பிச்சையம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் கடந்து போவாள். உடனே இவளுக்கு 'போ' என்ற அந்த ஒரு எழுத்து ஞாபகம் வந்து தொலைக்கும். நான் ஏன் தோற்க வேண்டும் என்று தோன்றும். அவ்வளவு பிடிவாதம் ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று சொல்வார்கள். இவளுக்கு ஒரு ஊருக்கே காணும்படி இருந்தது.

வட்டாரப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில், செப்டம்பர் பதினாலாம் தேதி சனிக்கிழமை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது உள்ளூர்ப் பள்ளி. இரண்டு வருஷமாக அவர்கள்தான் கோப்பையை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார்கள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி வாரி இறைத்தது. ராஜபாளையத்துப் பிள்ளைகள் நீல டிவைடட் ஸ்கர்ட்டும் மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையுமாக இறங்கினார்கள். கூட வந்திருந்த ராஜுக்கள் வீட்டுப் பெண்கள் ஓரத்தில் நின்று "பட்டுகோ, பட்டுகோ" என்று கத்தினார்கள். பிடி, பிடி என்பதைத் தெலுங்கில் கத்தினால் இன்னும் வேகமாக ஓடுவார்கள் என்று நினைப்பு.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஒரு விஷயம் ஜெயபாயை உறுத்தியது. அவள் துரத்தும்போதெல்லாம் எதிரணிப் பெண்கள் ஐந்தாம் கட்டத்தின் பக்கமாகவே போய் நின்றார்கள். பிச்சையம்மாளின் முன்னால் நின்று சாவகாசமாக மூச்சு வாங்கினார்கள். விஷயம் கசிந்திருக்கிறது. கசியாமல் என்ன செய்யும்? ஆவுடையம்மாளின் சித்தி மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

கடைசி முறை. துரத்துவது ராஜபாளையம். நடுவர் வேல்சாமி சார் கடிகாரத்தைப் பார்த்து, "அரை நிமிஷம்" என்று குரல் கொடுத்தார். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இன்னும் ஒருத்தியைத் தொட்டுவிட்டால் சமம். சமமானால் மறுபடி ஆட வேண்டும், எதிரணிக்கோ நாக்குத் தள்ளிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் அந்த ஒரு ஆள்தான் கோப்பை.

ஓடிக்கொண்டிருந்தவள் ஒரு நெட்டைப் பெண். ஜெயபாய் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டாள். நெட்டை சட்டென்று வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போய், பிச்சையம்மாளின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள். குனிந்து, தொடையில் கையை ஊன்றி, பிச்சையம்மாளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். கோ வராமல் பிச்சையம்மாளால் அசைய முடியாது. ஏழாம் கட்டத்துக்கு ஓடினால் அதற்குள் நெட்டை எங்கோ போயிருப்பாள்.

ஜெயபாய் ஐந்தாம் கட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். மண்ணும் வியர்வையும் படிந்த அந்த முதுகைப் பார்த்தாள். கோப்பையைப் பற்றி அவள் நினைக்கவில்லை. இந்த முதுகு இன்னும் பதினோரு நாளில் ஊரில் இருக்காது என்றுதான் நினைத்தாள். தோற்றவள் நான்தான் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. உள்ளங்கையை அந்த முதுகில் வைத்தாள்.

"கோ."

பிச்சையம்மாள் எழவில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தைத் திருப்பி ஜெயபாயைப் பார்த்தாள்.

"ஏட்டி, எங்கிட்டயா பேசுத?"

"ஒங்கிட்டதான். எந்திரிட்டி."

"அப்போ நீதானே மொதல்ல பேசுன?"

"நாந்தான், நாந்தான் பேசுனேன். எந்திரி."

பிச்சையம்மாள் எழுந்தாள். எழுந்தவள் நெட்டையின் பக்கம் திரும்பவில்லை. ஜெயபாயின் பக்கம் திரும்பி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வேல்சாமி சார் நீளமாக விசில் ஊதினார்.

மூன்றாவது வருஷமாகக் கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்கிவிட்டது.

"அங்க என்னட்டி பேசிக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று ரோசம்மாள் டீச்சர் கேட்டார். பொறுக்க மாட்டாத சுடலைமாடத்தி ஸ்லாம் புக்கில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, தாண்டிக் கோ இருந்த பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆவுடையம்மாள்தான் திட்டினாள். "ஒங்க ரெண்டு பேரால கப்பு போச்சு. இனிமே ஒங்ககூட எங்க யாருக்கும் பேச்சு கெடையாது." சுண்டுவிரலை நீட்டினாள். பன்னிரண்டு பேர் அணியில் மீதிப் பத்துப் பேரும், சுடலைமாடத்தி உட்பட, வரிசையாக நின்று சுண்டுவிரலை நீட்டினார்கள்.

ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் பத்துப் பேரும் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இவர்கள் இருவருக்கும் கடைசி சீட். பஸ் கிளம்பும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கணக்கு டீச்சருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததை எப்படிச் சொல்லாமல் இருந்தேன் என்று ஒருத்தி. சயின்ஸ் லேபில் தவளை தப்பி ஓடிய அன்றைக்கு உன்னைப் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிறு வலித்தது என்று இன்னொருத்தி. ஒருத்தி முடிப்பதற்குள் மற்றவள். சிரித்த சிரிப்பில் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பாதி வழியில் ஆவுடையம்மாளால் முடியவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து நின்றாள். "அப்படி என்னட்டி சிரிப்பு? எங்களுக்கும் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

"நீ எங்ககூட காய்ல இருக்க. பேசப்படாது. போயி உக்காரு" என்றாள் பிச்சையம்மாள்.

ஊரில் இறங்கியும் பேச்சு முடியவில்லை. ஜெயபாய் பிச்சையம்மாளை அவள் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். செத்த நேரம் நின்றுவிட்டு, பிச்சையம்மாள் ஜெயபாயை அவள் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அப்புறம் மறுபடி ஜெயபாய். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இப்படியே நடந்தது.

ஜெயபாய் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அம்மா ஞானரத்தினம் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டியளா? கப்ப எங்க?" என்றாள்.

"தோத்துட்டோம்மா."

"தோத்ததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அம்மா சோற்றைப் போட்டாள். ஜெயபாய் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினோரு நாள். அதற்குள் பரீட்சை வருகிறது, வரட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிச்சையம்மாள் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருப்பார்கள், போனால் இடைஞ்சல் என்று முதலில் விட்டுவிட்டாள். கை கழுவும்போது, கூட நின்று சாமான் கட்டினால் ஆயிற்று என்று அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டாள்.