ஏழாம் நம்பர் பிளாஸ்திரி

பூங்கோதையின் முதுகில் பத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஏழாவதில் அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் இருந்தான்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதமாக அவளுக்குக் கழுத்தில் அரிப்பு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டுமானால், தினமும் உடம்பில் படுவதையெல்லாம் ஒட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? பவுடர், சோப்பு, தலைச்சாயம், செருப்பு ரப்பர், ஸ்டிக்கர் பொட்டின் பசை, தாலிச் செயினில் கொத்தாகக் கோத்திருந்த சேஃப்டி பின், புருஷன். மற்றதில் துளி போதும், புருஷனை முழுசாகத்தான் ஒட்ட வேண்டும் என்றார் தோல் டாக்டர் அம்மா. அவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். தபால்தலை அளவுக்குச் சுருங்கினான். ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"ரெண்டு நாளைக்குக் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. எது சிவக்குதோ அது வீட்டை விட்டுப் போயிடணும்," என்றார் டாக்டர்.

"ஏழு சிவந்தா?"

"ஏழும்தான்."

 இருபத்திரண்டு வருஷமாகப் பூங்கோதை வாய் ஓயாமல் திட்டிய மனுஷன்தான். அதற்காக அனுப்பிவிட முடியுமா? அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

மதுரை வெயிலிடம் வேர்க்கக் கூடாது என்றால் கேட்குமா? அவள் டாக்டர் சீட்டைக் காட்டினாள். கேட்டது. ரெண்டு நாளும் அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் போனது.

"என்னங்க, முதுகு அரிக்குது. நீங்களா?"

"நான் செவனேன்னு கெடக்கேன். பக்கத்துல ஆறாம் நம்பர்தான் துள்ளுது."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமாப் புள்ள."

மூன்றாம் நாள் டாக்டர் பிரித்துப் பார்த்தார். ஆறாவதில் சேஃப்டி பின் ஒட்டிய இடம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. ஏழு சுத்தம்.

அப்பாடா! பூங்கோதை கை தட்டினாள். செயினிலிருந்த பின்கள் தாமாகக் கழன்று, வரிசையாக வாசலைத் தாண்டிப் போயின.

டாக்டர் சௌந்தரபாண்டியனை இடுக்கியால் எடுத்துத் திருப்பினார். நெற்றி முதல் கால்விரல் வரை சிவப்பு.

"உங்களுக்கு இவர் ஒத்துக்குது. இவருக்கு நீங்க ஒத்துக்கலை."

"ரெண்டே நாள்லயா?"

"இது பழசும்மா. இருபத்திரண்டு வருஷம் இருக்கும்."

டாக்டர் புதுச் சீட்டில், வீட்டை விட்டுப் போக வேண்டியது என்ற இடத்தில், 'மனைவி' என்று எழுதினார்.

பூங்கோதைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏங்க, அரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"சொன்னா நீ தள்ளிப் படுத்துருவ," என்றான் இடுக்கியில் தொங்கியபடி.

டாக்டர் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். பூங்கோதை அவனை உள்ளங்கையில் வாங்கி, சுண்டுவிரல் நகத்தால் மெல்லச் சொறிந்துவிட்டாள்.